செல்கோமும் டிஜியும் ஒன்றான பிறகு உங்கள் ‘லைன்’ என்ன ஆனது?

உங்கள் போனில் இரண்டு சிம் அட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று செல்கோம், மற்றொன்று டிஜி. “ஒன்னுல லைன் போச்சுன்னா இன்னொன்னு இருக்கு” என்றுதான் இரண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டி வந்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது சரியான கணக்கு. இப்போது இல்லை.

செல்கோமும் டிஜியும் 2022 நவம்பர் 30-ஆம் தேதி ஒரே நிறுவனமாயின. செல்கோம்டிஜி என்ற பெயரில் ஏறத்தாழ 2 கோடி வாடிக்கையாளர்கள் ஒரே குடையின் கீழ் வந்தார்கள். கடையின் பெயர்ப் பலகை மாறியது, செயலி மாறியது, போன் திரையின் மூலையில் தெரியும் பெயரும் மாறியது. இதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்க்க முடியாத மாற்றம் கோபுரங்களில் நடந்தது. வீட்டில் லைன் நன்றாக வந்ததற்கும், சிலருக்கு மோசமானதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

டவர் இரண்டு மடங்கானதா?

“ரெண்டு கம்பெனி சேர்ந்தா டவரும் டபுள் ஆகுமே!” என்று தோன்றும். ஆகாது. சொல்லப்போனால், இணைப்பின் நோக்கங்களில் ஒன்றே கோபுரச் செலவைக் குறைப்பதுதான்.

உங்கள் தாமான் பக்கத்தில் செல்கோமுக்கு ஒரு கோபுரம், நூறு மீட்டர் தள்ளி டிஜிக்கு ஒரு கோபுரம் இருந்தது என்றால், இணைந்த நிறுவனத்துக்கு அந்த இரண்டும் தேவையில்லை. இரண்டுக்கும் வாடகை, மின்சாரம், பராமரிப்பு என்று பணம் போகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் புதிய கருவிகளைப் பொருத்தி, மற்றதை மூடிவிடுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் அந்தத் தாமானில் கவரேஜ் அப்படியே இருக்கும். ஆனால் மூடப்பட்ட கோபுரம் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நின்றதாக இருந்தால் கதை வேறு. இப்போது சிக்னல் வீட்டின் மறுபக்கத்திலிருந்து, இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டி வர வேண்டும். “எல்லாருக்கும் நல்லா இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று ஒருவர் புலம்பினால், அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிறுவனத்தின் கோபுரம் மட்டும் இருந்த இடங்களில்தான் இணைப்பு உண்மையாகவே பலன் தருகிறது. தோட்டப்புறத்திலோ மலைச்சாலையிலோ செல்கோமுக்கு மட்டும் லைன் இருந்தது, டிஜி சிம் வைத்திருந்தவருக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோபுரம் இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகளையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யும் தொழில்நுட்பம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் டிஜி சிம்மும் அங்கே வேலை செய்யும். ஊருக்குப் போகும்போது பாட்டி வீட்டில் திடீரென்று வாட்ஸ்அப் வர ஆரம்பித்தது என்றால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இரண்டு பேருக்குமே கோபுரம் இல்லாத இடம்? இணைப்பு அங்கே நேரடியாக எதையும் செய்யாது. பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் பூஜ்யம்தான். 2020-இல் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத லைன் கிடைக்காமல் மரத்தில் ஏறிய காணொளி நாடு முழுவதும் பேசப்பட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கோபுரம் போவது அரசாங்கத்தின் ஜென்டேலா போன்ற திட்டங்களால்தான். ஆளில்லாத மலையில் கோபுரம் கட்டுவதால் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை.

கோபுரத்தைவிடப் பெரிய சொத்து

கோபுரம் இரும்பும் சிமெண்டும்தான். பணம் இருந்தால் கட்டிவிடலாம். அலைக்கற்றையை அப்படி வாங்க முடியாது. எந்த நிறுவனம் எந்த அலைவரிசையை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை அரசாங்கம்தான் ஒதுக்குகிறது.

அலைக்கற்றையை நெடுஞ்சாலைத் தடங்கள் போல நினைத்துக்கொள்ளுங்கள். தடம் அதிகமாக இருந்தால் நிறைய வண்டிகள் நெரிசலில்லாமல் போகலாம். தடங்களின் குணமும் ஒன்றுபோல் இருக்காது. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரையும் ஊடுருவும், ஆனால் குறைந்த டேட்டாவைத்தான் சுமக்கும். 2600 மெகாஹெர்ட்ஸ் அதற்கு நேர்மாறு. நிறைய சுமக்கும், கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போகும். செல்கோமிடம் 900 நெடுங்காலமாகவே இருந்தது. டிஜிக்கு அதில் சொல்லும்படியான பங்கு 2016-இல் அறிவிக்கப்பட்ட மறுஒதுக்கீட்டுக்குப் பிறகுதான் கிடைத்தது. “டவுன்ல டிஜி, கம்பத்துல செல்கோம்” என்று பழைய ஆட்கள் சொன்னதற்குப் பின்னால் இப்படியொரு காரணமும் இருந்தது.

இரண்டு நிறுவனங்களின் தடங்களும் ஒரே கோபுரத்தில் சேரும்போது, ஒரே போன் ஒரே நேரத்தில் பல தடங்களில் டேட்டாவை இழுக்க முடியும். வேகம் கூடுவது இதனால்தான். (உங்கள் போன் பழையது என்றால் அதற்கு எல்லாத் தடங்களிலும் ஓடத் தெரியாது. குறை கோபுரத்தில் இல்லை.)

ஆனால் ஒரே நிறுவனத்திடம் அவ்வளவு தடங்களும் குவிந்தால் மற்றவர்கள் எப்படிப் போட்டி போடுவது? மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி இந்தக் கேள்வியைக் கேட்டது. 2022 ஜூன் மாதம் இணைப்புக்கு ஆட்சேபம் இல்லை என்று அறிவித்தபோது, சில நிபந்தனைகளும் கூடவே வந்தன. 1800, 2100, 2600 அலைவரிசைகளிலிருந்து மொத்தம் 70 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனத்திடமிருந்து மொத்தமாக வாங்கி விற்கும் சிறிய நிறுவனங்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு வேண்டும், யூடூ என்ற முத்திரையை விற்க வேண்டும் என்பவையும் இருந்தன.

70 மெகாஹெர்ட்ஸ் என்பது செய்தியில் ஒரு வரியாகப் போய்விட்டது. அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. ‘இரண்டும் சேர்ந்தால் வேகம் இரட்டிப்பு’ என்ற எளிய கணக்கு ஏன் தப்பு என்பதற்குப் பாதி விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது.

பார் நிறைய இருக்கு, வீடியோ ஓட மாட்டேங்குதே?

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. திரையில் தெரியும் பார்கள் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மட்டுமே காட்டும். அதே கோபுரத்தில் இன்னும் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

இணைப்புக்குப் பிறகு இது இன்னும் முக்கியமாகிறது. முன்பு செல்கோம் கோபுரத்தில் செல்கோம் வாடிக்கையாளர்கள் மட்டும். இப்போது அதே கோபுரத்தில் இரு தரப்பும். கூடுதல் அலைக்கற்றையும் புதிய கருவியும் பொருத்தி முடித்த பிறகு கூட்டத்தைச் சேர்த்தால் சிக்கல் இல்லை. வேலை பாதியில் நிற்கும்போது கூட்டம் வந்துவிட்டால் நெரிசல்தான். ஆயிரக்கணக்கான கோபுரங்களை ஒரே இரவில் மாற்ற முடியாது. செல்கோம்டிஜி இதற்கு மூன்று ஆண்டுத் திட்டம் போட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஓர் ஊரில் நன்றாகவும் பக்கத்து ஊரில் மோசமாகவும் இருந்தால் அதில் வியப்பில்லை.

உங்கள் பிரச்சினை எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து இரவு 8 மணிக்கு வேகத்தைச் சோதியுங்கள். அதே இடத்தில் விடியற்காலை 5 மணிக்கு மறுபடியும். விடியற்காலையில் பறக்கிறது, இரவில் நொண்டுகிறது என்றால் அது நெரிசல். எந்த நேரமும் மோசம், வாசலுக்குப் போனால் மட்டும் சரியாகிறது என்றால் அது கவரேஜ். புகார் செய்யும்போது “லைன் சரியில்ல” என்று மட்டும் சொல்வதைவிட இதைச் சொன்னால் எடுபடும்.

5ஜி-யில் கதையே வேறு

மலேசியாவில் 5ஜி வந்த விதம் மற்ற நாடுகளைப் போல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கட்டுவதற்குப் பதிலாக, டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற ஒரே நிறுவனம் கட்டியது, மற்றவை அதைப் பகிர்ந்துகொண்டன. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தக் கட்டமைப்பு, 2023 இறுதியில் மக்கள் வசிக்கும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டியது.

ஆக, 5ஜி கவரேஜைப் பொறுத்தவரை செல்கோமும் டிஜியும் இணைவதற்கு முன்பே ஒரே கோபுரத்தைத்தான் பயன்படுத்தின. இணைப்பால் அதில் மாற ஒன்றுமில்லை. ஆனால் இங்கு முதலில் வந்த 5ஜி தனியாக நிற்கவில்லை, அந்தந்த நிறுவனத்தின் 4ஜி-யின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. 4ஜி தடுமாறினால் 5ஜி சின்னம் தெரிந்தாலும் அனுபவம் நன்றாக இருக்காது. 2024 நவம்பரில் இரண்டாவது 5ஜி கட்டமைப்பை அமைக்க யு மோபைல் தேர்வு செய்யப்பட்டது. ஒரே கட்டமைப்பு என்ற நிலை அதோடு மாறத் தொடங்கியது.

இரண்டு சிம், ஒரே பாதை

இப்போது முதலில் சொன்ன அந்த இரண்டு சிம் கதைக்கு வருவோம். நீங்கள் உணவு விநியோகம் செய்பவராக இருக்கலாம், மின்னழைப்பு வாகனம் ஓட்டுபவராக இருக்கலாம், வீட்டில் வயதான அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். லைன் போனால் வருமானம் போகும், அல்லது அதைவிடப் பெரியது ஏதாவது போகும். அதனால்தான் இரண்டாவது சிம்.

இரண்டு தனி நிறுவனங்கள் இருந்தபோது ஒன்றின் கட்டமைப்பு முடங்கினாலும் மற்றது ஓடும். கட்டமைப்புகள் ஒன்றான பிறகு செல்கோம் சிம்மும் டிஜி சிம்மும் ஒரே கோபுரத்தில் தொங்குகின்றன. அது விழுந்தால் இரண்டும் விழும். கவரேஜ் வரைபடத்தில் இந்த இழப்பு தெரியாது, ஏனென்றால் வரைபடம் லைன் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் காட்டுகிறது. எத்தனை வழியாக வருகிறது என்பதை அது காட்டுவதில்லை.

வேறு பெயரில் சிம் வாங்கினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரெட்ஒன், டியூன் டாக், எக்ஸ்ஒஎக்ஸ் எல்லாம் செல்கோமின் கட்டமைப்பில் ஓடி வந்தவை. மலிவான இரண்டாவது சிம் வாங்கும்போது கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: “இது யாரோட லைன்ல ஓடுது?”

மேக்சிஸ் அல்லது யு மோபைல் வைத்துக்கொண்டால் 4ஜி-யில் தனிப் பாதை கிடைக்கும். அதுவும் முழுக்க முழுக்கத் தனி என்று சொல்ல முடியாது. பல நிறுவனங்கள் எடோட்கோ போன்ற கோபுர நிறுவனங்களிடமிருந்து ஒரே கம்பத்தில் இடத்தை வாடகைக்கு எடுக்கின்றன. அங்கே மின்சாரம் போனால் எல்லாருக்கும் போகும். இருந்தாலும் ஒரே கட்டமைப்பில் இரண்டு சிம் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் பயப்பட வேண்டாம். 999 அழைப்பு உங்கள் நிறுவனத்தின் லைனை மட்டும் நம்பியிருப்பதில்லை. அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

இணைப்பு என்றாலே நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2020-இல் டி-மொபைல், ஸ்பிரின்ட்டை வாங்கியது. ஸ்பிரின்ட்டிடம் இருந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை வைத்துத்தான் டி-மொபைல் 5ஜி-யில் முன்னுக்கு வந்தது. ஜெர்மனியில் 2014-இல் ஓ2, இ-பிளஸ் இணைந்தபோது நடந்தது வேறு. கட்டமைப்புகளை ஒன்றாக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. அந்தக் காலத்து ஒப்பீட்டுச் சோதனைகளில் மூன்று நிறுவனங்களில் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ஆஸ்திரியாவில் நான்கு நிறுவனங்கள் மூன்றானபின் கட்டணம் உயர்ந்ததாக அங்குள்ள அதிகாரிகளே பின்னர் ஆய்ந்து சொன்னார்கள்.

பிரிட்டன் இந்த அனுபவங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. வோடஃபோனும் த்ரீயும் இணைய 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோது, கட்டமைப்பு மேம்பாட்டில் முதலீடு செய்தே ஆக வேண்டும், சில கட்டணத் திட்டங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு உயர்த்தக் கூடாது என்று அங்குள்ள போட்டித்தன்மை ஆணையம் கட்டிப்போட்டது. வாக்குறுதியை விளம்பரத்தில் விட்டுவிடாமல் சட்டத்துக்குள் கொண்டுவந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டில் மோசமானால்?

முதலில் போனை அணைத்து மீண்டும் இயக்குங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், சிம் ரொம்பப் பழையது என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு மேலே சொன்ன இரவு–விடியற்காலை சோதனை. முடிவைத் திரைப்படமாக எடுத்து, நாள், நேரம், முகவரி சேர்த்து நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு எம்.சி.எம்.சி-யின் இணையத்தளத்திலோ 1800-188-030 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம். உங்கள் பகுதிக்கு எந்த லைன் எப்படி வருகிறது என்பதை ஜென்டேலா வரைபடத்திலும் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம்.

அதுவும் சரிவரவில்லையா? எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி இங்கே 2008-லிருந்து இருக்கிறது. மாறுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லில் பாருங்கள், இல்லையென்றால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். மாறப்போகும் நிறுவனத்தின் முன்கட்டண சிம் ஒன்றை வாங்கி ஒரு வாரம் வீட்டிலும் வேலையிடத்திலும் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக வருகிறது என்பதை மட்டும் நம்பி மாறாதீர்கள். அவர் வீட்டு ஜன்னல் வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.