பறவை கூவியது! கம்பெனி உரிமை கேட்டது!

மரத்தில் பறவை கூவுகிறது. அந்தச் சத்தம் யாருக்குச் சொந்தம்?

"பறவைக்குத்தான்!" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் 2012-ம் ஆண்டு, அது தனக்குச் சொந்தம் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி சொன்னது!

ஒருவர் காட்டுக் கீரை பறிக்கப் போனார். பச்சையாகவே சாப்பிடக்கூடிய கீரைகளைக் காட்டி ஒரு வீடியோ படம் எடுத்தார். அதை "யூடியூப்"பில் போட்டார். படத்தில் அவர் பேசுகிறார். பின்னால் பறவைகள் கூவுகின்றன. பாட்டு இல்லை. வாத்தியமும் இல்லை.

யூடியூப்பில் இருந்து அறிவிப்பு வந்தது. "ரம்பிள்பிஷ்" என்ற கம்பெனிக்குப் பதிப்புரிமை உள்ள இசை அந்தப் படத்தில் இருக்கிறதாம்!

அவர் திகைத்தார். "இது இசை அல்ல, பறவைச் சத்தம்" என்று புகார் செய்தார். கம்பெனி அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, தங்கள் இசைதான் என்று மறுபடியும் சொல்லிவிட்டது!

காவல்கார எந்திரம்

யூடியூப்பில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய படங்கள் வந்து குவிகின்றன. அவ்வளவையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க முடியுமா? முடியாது. அதனால் 2007-ல் ஒரு கம்ப்யூட்டர் காவல்காரனை வைத்தார்கள். அதன் பெயர் "கன்டென்ட் ஐ.டி."

பாட்டுக் கம்பெனிகள் தங்கள் பாட்டுகளை அதனிடம் கொடுத்து வைக்கும். போலீசார் கைரேகையை ஒத்துப் பார்ப்பதுபோல், வருகிற ஒவ்வொரு படத்தின் ஒலியையும் அது ஒத்துப் பார்க்கும். ஒத்துப் போனால் உரிமைக்காரர் அந்தப் படத்தைத் தடுக்கலாம். அல்லது அதில் வரும் விளம்பரப் பணத்தைத் தாம் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல ஏற்பாடுதான். பாடுபட்டுப் பாட்டுப் போட்டவர் வயிற்றில் யாரும் அடிக்கக்கூடாது அல்லவா? ஆனால் எந்திரத்துக்குக் காது இருக்கிறது; விவரம் இல்லை. மனிதனே தவறு செய்யும்போது எந்திரம் தவறு செய்வதில் ஆச்சரியம் இல்லை. தவறைச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது? அங்கேதான் வேதனை.

புகார் யாரிடம் போகிறது?

புகாரை யூடியூப் விசாரிக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அதுதான் இல்லை! உரிமை கேட்ட கம்பெனியிடமே புகார் போகிறது. பதில் சொல்ல அதற்கு 30 நாள் தவணை. வழக்குப் போட்டவரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தீர்ப்பும் சொல்வதுபோல!

கம்பெனி மறுத்துவிட்டால் அதோடு சரி என்றுதான் முதலில் இருந்தது. மேல் முறையீடு செய்யும் வழியை 2012 அக்டோபரில்தான் திறந்தார்கள்.

அந்த வழியிலும் ஆபத்து உண்டு. முறையீட்டில் தோற்றால் தண்டனைப் புள்ளி விழலாம். 3 புள்ளி விழுந்தால் கணக்கே மூடப்படும். பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த படங்கள் எல்லாம் போய்விடும். எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

2021-ம் ஆண்டின் முதல் 6 மாதக் கணக்கை யூடியூப் வெளியிட்டது. கம்பெனிகள் உரிமை கேட்டது 72 கோடி தடவைக்கு மேல். அதை எதிர்த்து வந்த புகார் 37 லட்சம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் வந்த புகார்களில் நூற்றுக்கு 60, படம் போட்டவருக்குச் சாதகமாக முடிந்தன!

புகார் செய்யாத மற்றவர்கள் திருப்தியாக இருந்தார்களா, பயந்து பேசாமல் இருந்தார்களா? கணக்கு அதைச் சொல்லவில்லை.

ஊர் சிரித்தது

கீரை பறித்தவர் கதை என்ன ஆயிற்று? விஷயம் இன்டர்நெட்டில் பரவியது. ஊரே சிரித்தது. உடனே கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். உரிமைக் கோரிக்கை வாபஸ் ஆனது.

யூடியூப்பில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2018-ல் "பேஸ்புக்"கிலும் நடந்தது. ஜேம்ஸ் ரோட்ஸ் என்பவர் இங்கிலாந்தில் பிறந்த பிரபல பியானோ வித்வான். தாமே வாசித்த ஓர் இசையை அவர் பேஸ்புக்கில் போட்டார். அது ஜெர்மன் இசை மேதை பாக் இயற்றியது. பாக் இறந்தது 1750-ல்! அந்த இசைக்கு இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

ஆனால் அதில் 47 விநாடி தங்களுடையது என்று "சோனி மியூசிக்" கம்பெனி உரிமை கேட்டது. அந்த 47 விநாடிக்குச் சத்தம் நிறுத்தப்பட்டது.

ரோட்ஸ் புகார் செய்தார். நிராகரித்தார்கள்! அவர் சும்மா இருக்கவில்லை. "டுவிட்டர்"இல் எழுதினார். அவர் பிரபலமானவர் ஆயிற்றே! ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். பத்திரிகைகளும் எழுதின.

அதற்குப் பிறகுதான் கம்பெனி பிடியை விட்டது. ஊமையாகிக் கிடந்த 47 விநாடியும் மறுபடி ஒலித்தது.