இடமும் காலமும்

பாடஞ் சொல்லப் புகும் ஆசிரியன் இடத்தையும் காலத்தையும் நோக்குதல் வேண்டும் என்று விதித்தார் நன்னூலார். அவ்விதியின் ஆழத்தை நமக்கு உணர்த்தியது 2020ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோய்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் அடைபட்டன. புணானையில் மாணாக்கர்க்கென எழுந்த ‘மட்டக்களப்புக் கம்பஸ்’ கட்டடமோ, இத்தாலி, தென்கொரியா முதலிய நாடுகளினின்று வந்தோரைத் தனிமைப்படுத்தும் நிலையமாயிற்று. கற்குமிடம் நோய் காக்குமிடமாக, கல்வி இணையத்திற் புகுந்தது. பல்கலைக்கழகப் பாடங்களுக்கு இணைய வசதி கட்டணமின்றிக் கிடைத்தது, நன்றே. ஆயினும், நல்ல கைபேசி வாங்க வகையற்ற, அலைவரிசையும் எட்டாத படுவான்கரை மாணாக்கனுக்கு அதனால் விளைந்த பயன் யாது?

இந்நோய் காற்றிற் பரவுவது. ஆகலின், வகுப்புகள் மீண்டபோது திறந்த பலகணியும், இடைவெளி விட்ட இருக்கையும், சிறு குழுவுமே அரணாயின. இவற்றை மருத்துவர் விதியென்று ஒதுக்கலாகாது. இடமறிந்து பாடஞ் சொல்லும் முறையில் இவையும் அடங்கும். வாவிக்காற்று உலவும் நம்மூரில் பலகணி அடைத்த வகுப்பறை எற்றுக்கு?

இனியொரு நோய் வருமுன், காற்று நுழையவும் வறிய மாணாக்கன் நுழையவும் ஒருங்கே வழி சமைத்தல் ஆசிரியருலகின் கடனாகும்.