குளிரில் மரத்துப்போன இரும்புக் கை

மார்கழி மாதத்து விடியற்காலையிலே தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு துளியேனும் விழாமையால் அதனை இளவெயிலிலே வைத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் நம்மில் அநேகருக்கு உண்டு. மலைநாட்டார்க்கோ இது வருடத்தின் பெரும்பகுதியும் காணுங் காட்சி. 24 பாகை சென்ரிகிறேட் அளவிலேயே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. உறைநிலைக்கும் கீழே 31 பாகை வரை குளிர் இறங்கிவிடுகிற ஒரு தேசத்திலே, எண்ணெயையே இரத்தமாகக் கொண்டு இயங்கும் யந்திரங்களின் கதி என்ன? கனடா தேசத்து மனிற்றோபா மாகாணத்திலே, ஒரு பண்ணை வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தபோது அதனை நான் நேரிலே கண்டேன்.

அம்மாகாணத்தின் தலைநகராகிய வின்னிப்பெக்கிலே தை மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 16 பாகை. இரவிலே அது 30 பாகைக்கு இறங்குவது அங்கே புதுமையன்று. மாடுகளுக்கு அக்காலத்திலே வழக்கத்தினும் அதிகமாகத் தீனி வேண்டும். உடற்சூட்டைக் காப்பதற்கு வைக்கோலும் புல்லுமே அவற்றுக்கு விறகு. அந்தத் தீனியோ உருளையாகச் சுருட்டிய புற்பொதி. ஒவ்வொன்றும் 500 கிலோவுக்கு மேல் நிறையுடையது. மனிதக் கை அதனை அசைக்காது. உழவு இயந்திரத்தின் முன்புறத்திலே பூட்டிய 'லோடர்' என்னும் இரும்புக் கைதான் அதனைத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அன்று காலையிலே அறுபது மாடுகள் வேலியோரத்திலே மூச்சுப் புகையக் காத்து நின்றன. எஞ்சின் உடனே இயங்கிற்று. இரவு முழுவதும் அதற்கு மின்சாரச் சூடேற்றி ஒன்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால், பண்ணைக்காரர் நெம்பைப் பின்னுக்கு இழுத்தபோது லோடரின் கைகள், நோயாளி படுக்கையை விட்டு எழுவதுபோல, அங்குலம் அங்குலமாக எழுந்து பாதியிலே நின்றுவிட்டன. அவர் பொறுமையிழந்து எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். யந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து கிறீச்சென்று ஓர் ஓலம் எழுந்தது. அயற்பண்ணையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், ஆயுள் முழுவதும் யந்திரங்களோடு பழகியவர், வேலிக்கு அப்பால் நின்றே இரு கைகளையும் உயர்த்தி, "நிறுத்து, நிறுத்து!" என்று கூவினார்.

அந்த ஓலத்தின் பொருளை அவர் பின்னர் எனக்கு விளக்கினார். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திலே கொடுக்கும் அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. 1795இல் ஆங்கிலேயரான யோசேப்பு பிறாமா அதனைக்கொண்டு பாரிய அழுத்து யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். லோடரும் அதே வித்தைதான். ஒரு பம்பி எண்ணெயைத் தள்ள, அது குழாய்வழியே சென்று உருளைகளிலுள்ள பிஸ்டன்களை உந்துகிறது. பம்பிக்கு வெளியே செல்லும் வழியிலே சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தல் வரை அமுக்கம் உண்டாகும். ஆனால், பம்பிக்குள்ளே வரும் வழியிலோ எண்ணெயைத் தள்ளுவது வெறும் வளிமண்டலந்தான். அதன் வலிமை கடல் மட்டத்திலே 14.7 இறாத்தல் மாத்திரமே. பம்பி எண்ணெயை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்வதெல்லாம் பேச்சுவழக்கு.

இங்கேதான் குளிரின் குறும்பு இருக்கிறது. இவ்வகை எண்ணெய்களின் பிசுக்குமையை 40 பாகையிலே அளந்து இலக்கமிடுவார்கள். 46 என இலக்கமிட்ட சாதாரண எண்ணெய் உறைநிலையிலே அதனினும் பத்து மடங்குக்கு மேல் தடிப்பாகும். அதற்கும் 20 பாகை கீழே போனால் அவ்வளவு ஆயிரங்களைத் தொடும். கித்துள் பாணியைப் பப்பாசிக் குழலால் உறிஞ்சிக் குடிக்க முயல்வது போன்றது பம்பியின் நிலை. வரவேண்டிய எண்ணெய் வராதபோது உள்ளே வெற்றிடக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை அமுக்கமுள்ள பக்கத்துக்குச் சென்றதும் நொறுங்கி, உலோகத்தையே கொத்திக் கொத்தி அரிக்கின்றன. நாம் கேட்ட ஓலம் அதுதான். எஞ்சினை முடுக்குவது பசியால் அழும் குழந்தையை அடிப்பதற்கு ஒப்பாகும். எஞ்சினுக்குச் சூடேற்றியிருந்தார்களே என்றால், சூடு முன்னால். எண்ணெய் இருந்ததோ பின்னால், பற்சக்கரப் பெட்டியினுள்ளே. அநேக உழவு இயந்திரங்களிலே இரண்டு வேலைக்கும் ஒரே எண்ணெய்தான்.

பண்ணைக்காரர் சொன்ன பரிகாரங்கள் இரண்டு. ஒன்று, அடியிலே தணல் வைப்பது. மற்றது, எண்ணெயிலே சிறிது மண்ணெண்ணெய் கலப்பது. முதியவர் இரண்டையும் கேட்டுச் சினந்தார். எண்ணெய்க் கசிவுள்ள யந்திரத்தின் கீழே நெருப்பு வைப்பவன் யந்திரத்தோடு கொட்டிலையும் இழப்பான். மண்ணெண்ணெய் கலந்தால் இன்றைக்குக் கை எழும். வெயில் வந்ததும் வழுவழுப்பற்ற அந்தக் கலவையே பம்பியைத் தின்றுவிடும்.

அவர் செய்வித்தது வேறு. லோடரை முற்றாக நிலத்திலே இறக்கி, எஞ்சினை மிதமான வேகத்திலே இருபது நிமிடம் ஓடவிட்டு, நெம்புகளைச் சிறிது சிறிதாக அசைக்கச் செய்தார். வெறும் தடிப்புத்தான் குற்றமென்றால் இதற்குள் குணம் தெரியவேண்டும். தெரியவில்லை. அடுத்து, குழாய்களை இணைக்கும் பூட்டுகள் முற்றாக உள்ளே சென்றிருக்கின்றனவா என்று பார்த்தார். அரைகுறையாகப் பூட்டிய இணைப்பு ஒன்றே ஓட்டத்தைத் தடுத்துவிடும் என்றார். அதுவும் சரியாகவே இருந்தது. பின்பு அளவுகோலை உருவினார். எண்ணெயின் மட்டம் குறையவில்லை, நிறந்தான் மாறியிருந்தது. பால் விட்ட தேநீர்போல் வெளிறியிருந்த அதிலே ஒரு துளியை வீட்டு அடுப்பின் சூடான தட்டிலே விட்டார். சடசடவென்று வெடித்தது. வீட்டம்மாள் முகத்தைச் சுளித்தார்; கிழவரோ சிரித்தார்.

தண்ணீர்! எண்ணெயோடு கலந்திருந்த நீர் இரவிலே பனிக்கட்டித் துணுக்குகளாகி, பம்பியின் வாயிலிலுள்ள வலைவடியை அடைத்துக்கொண்டது. நீர் எவ்விதம் புகுந்தது? தினந்தோறும் பதினைந்து நிமிடமே ஓட்டி நிறுத்திய யந்திரத்திலே எண்ணெய் நன்றாகச் சூடாவதில்லை. பெட்டிக்குள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பிலே வியர்த்து, துளித்துளியாக உள்ளே சேர்கிறது. சிக்கனம் என்று எண்ணிச் செய்தது இப்படி முடிந்தது.

அன்று மாடுகளுக்கு முதியவரின் யந்திரமே தீனி கொண்டுவந்தது. எங்கள் யந்திரத்தைச் சூடேற்றிய கொட்டிலுக்குள்ளே இழுத்துச் சென்று ஒருநாள் முழுவதும் விட்டோம். மறுநாள் அடியாணியைத் திறந்தபோது எண்ணெய்க்கு முன்னே தண்ணீர்தான் வந்தது. ஒரு போத்தலுக்குக் குறையாது. வலைவடியிலே துருவும் களியும் அப்பியிருந்தன. அதனைக் கழுவி, வடிகட்டியைப் புதிதாக்கி, அந்த யந்திரத்தைச் செய்தவர்களின் கைந்நூல் குளிர்காலத்துக்கென விதித்த மெல்லிய எண்ணெயையே ஊற்றினோம்.

வேலையின் நடுவே அவர் சொன்ன ஒரு குறிப்பு எனக்கு வியப்பாயிருந்தது. குளிரிலே சோம்பிச் சூட்டிலே சுறுசுறுப்பானால் எண்ணெயைச் சந்தேகி. குளிரிலே நன்றாயிருந்து சூடேறியபின் சோர்ந்தால் பம்பி தேய்ந்துவிட்டது, மெல்லிய எண்ணெய் இடுக்குகளால் நழுவுகிறது என்பதே அக்குறிப்பு. இரு வேளையும் சோம்பினால் வடிகட்டியையும் வால்வையும் பார் என்றும் சொன்னார்.

இன்னும் இரண்டு காரியங்களிலே அவர் மிகக் கண்டிப்பானவர். தூக்கிய லோடரின் கீழே, முட்டுக்கொடுக்காமல், எவரையும் தலை நீட்ட விடமாட்டார். ஒரு குழாய் வெடித்தால் கை நொடியிலே கீழே விழும். கசிவைத் தேடும்போது விரலால் தடவவும் விடமாட்டார். மட்டைத் துண்டு ஒன்றைத்தான் பிடிக்கச் சொல்வார். ஊசிமுனைத் துவாரத்தால் பாயும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறு புள்ளியாகவே தெரியும், ஆனால் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடில் கையையே இழக்க நேரும். அவர் இதைச் சொன்னபோது தமது இடக்கையை உயர்த்திக் காட்டினார். அதிலே இரண்டு விரல்கள் இல்லை.

மூன்றாம் நாட் காலையிலும் குளிர் குறையவில்லை. பண்ணைக்காரர் எஞ்சினை இயக்கிவிட்டு, உள்ளே வந்து, கோப்பி குடித்து முடிக்கும்வரை இருந்தார். பின்பு வெளியே போய் நெம்பை இழுத்தார். முதற்பொதி ஓசையின்றி எழுந்து வேலியைத் தாண்டிற்று.