மூழ்கிய டிராக்டரில் சாவி போட்டால் என்ஜின் காலி!

வெள்ளம் வடிகிறது. சேற்றுக்கு நடுவே டிராக்டரின் தலை தெரிகிறது. சொந்தக்காரருக்கு அப்போது வருகிற முதல் ஆசை என்ன?

"ஒரு தடவை சாவியைப் போட்டுப் பாத்துடுவோமே!"

அந்த ஒரு தடவைதான் என்ஜினுக்கு எமன். இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தும் உடையாத என்ஜின், சாவியைத் திருகிய இரண்டே வினாடியில் உடைந்து போகும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஜனங்களுக்கு வெள்ளம் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அதாவது அரை மீட்டர்!

அது போதாது என்று டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் அருகே சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டி-முண்டியம்பாக்கம் இடையே ரெயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரெயில்கள் நிறுத்தப்பட்டன.

இப்படிப்பட்ட நேரத்தில் மாட்டை அவிழ்த்து விடலாம். டிராக்டரை என்ன செய்வது? நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

தண்ணீர் அமுங்காது

டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே ஏறும்போது, உள்ளே இருக்கும் காற்றை ஏறக்குறைய 17-ல் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும். பிஸ்டன் அதில் போய் முட்டும். வழி இல்லாமல் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் ராடு ஒடிந்து பிளாக்கையே துளைத்து விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை இழுத்த என்ஜின் என்றால் பெரும்பாலும் இந்தக் கதி அப்போதே நடந்து முடிந்திருக்கும். நின்ற நிலையில் மூழ்கிய டிராக்டர் அப்படி அல்ல. அதைக் காப்பாற்றி விடலாம். பொறுமைதான் வேண்டும்.

முதல் வேலை, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுவது. அடுத்தது, வண்டியை நியூட்ரலில் வைத்து மேட்டுக்கு இழுப்பது. கயிறு கட்டி கியரில் இழுத்தால் சக்கரம் என்ஜினைச் சுற்றும். சாவி போட்டதும் அதுவும் ஒன்றுதான்!

பால் காபி நிறம்

ஆயில் கேஜை உருவிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்து விடும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்து விட்டது. ஆனால் கறுப்பாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. எண்ணெயை விட தண்ணீர் கனம். அது சேம்பரின் அடியில் போய்ப் படுத்திருக்கும். டிரெயின் போல்ட்டை மெள்ளத் தளர்த்தினால் எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்தான் வரும்.

பிறகு ஏர் கிளீனரைக் கழற்றி, காற்று போகும் குழாயில் தண்ணீரும் சேறும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி விட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு கையாலேயே சுற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தை நேரே வைக்கக் கூடாது. சுற்ற மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. சுலபமாகச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் சுற்றலாம்.

டீசல் டாங்கியை முழுசாகக் காலி செய்ய வேண்டும். பில்டர்கள் புதிது. இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் தண்ணீர் போயிருந்தால் பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. அதன் உள்பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி தலைமுடியை விட மிக மெல்லியது. துளி துரு போதும், இறுக்கிப் பிடித்து விடும்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தாலும் உழவுக்கு ஓட்டிப் போய் விடக் கூடாது. சில நிமிடம் மெதுவாக ஓட விட்டு, அந்த ஆயிலையும் வடித்து விட வேண்டும். மறுபடி நிறம் மாறினால் மறுபடி மாற்ற வேண்டும். "புது ஆயிலை இப்படிக் கொட்றதா?" என்று மனசு அடித்துக்கொள்ளும். என்ஜினைப் பிரித்து வேலை செய்யும் செலவுக்கு முன்னால் அது தூசு.

பலரும் மறக்கிற இடம் கியர் பாக்ஸ். காற்றோட்டத் துளை வழியாக அதற்குள்ளும் தண்ணீர் புகும். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் அதே எண்ணெய்தான். அதையும் மாற்றாவிட்டால் அடுத்த உழவில் லிப்ட் வம்பு செய்யும். செல்ப் மோட்டார், டைனமோ இரண்டையும் கழற்றிக் காய வைக்க வேண்டும். முன்சக்கர பேரிங்குகளுக்குப் புது கிரீஸ்.

காற்று பட்டால் துரு

மூழ்கிக் கிடக்கும்போது துரு மெதுவாகத்தான் பிடிக்கிறது. வெளியே எடுத்து ஈரத்தோடு காற்று பட்டதும்தான் வேகம் பிடிக்கும். ஆகவே இழுத்து வந்து "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று கொட்டகையில் போட்டால், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். மரக்காணம் பக்கம், உப்பளங்களை ஒட்டிய இடங்களில் இன்னும் அவசரம். உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

கழுவுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதோடு வண்டியைப் படம் எடுத்து, இன்சூரன்சுக்குத் தகவல் சொல்லி விட வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பைசா கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும், மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்து என்ஜின் உடைந்தது என்று சர்வேயர் எழுதினால் பணம் வருவது கஷ்டம்.

டிராக்டர் இல்லாத டவுன்காரருக்கும் இதே சட்டம்தான். ஸ்கூட்டர் மூழ்கினால் கிக்கரை உதைக்கும் முன், செல்ப் பட்டனைத் தொடும் முன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடை வாசலில் நிற்கும் ஜெனரேட்டருக்கும் அப்படியே.