பினாங்கில் மஃரிப் ஏன் 7.30க்கு?

படிப்புக்காகப் பினாங்குத் தீவில் இறங்கிய முதல் நாட்களில் மழையும் புழுக்கமும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. தென்னிந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் போனால் தமிழும் காதில் விழும். பழக நாளெடுத்தது கடிகாரம்தான்.

அங்கே சுபஹ் 6 மணியளவில், லுஹர் 1.15ஐத் தாண்டி, மஃரிப் 7.30 அளவில். சூரியன் அங்கு இலங்கையை விட ஏறக்குறைய 80 நிமிடங்களே முந்துகிறது. ஆனால் தீபகற்ப மலேசியா 1982இல் சபா, சரவாக் நேரத்துக்கு மாறியது. அதனால் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது.

இது உறைப்பது வீட்டோடு பேசும்போதுதான். இஷா முடித்து 9 மணிக்கு அழைத்தால் ஊரில் 6.30, உம்மா மஃரிப் தொழுகையில் இருப்பார். வாப்பா கடை மூடி வர ஊரில் 9. எனக்கோ இரவு 11.30, காலை 8க்கு விரிவுரை.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அழைக்கும் நேரத்தைப் பயணத்துக்கு முன்பே பேசி வையுங்கள். ஒருநாள் பதில் இல்லையென்றால் பதறாதீர்கள், தூங்கியிருப்பார்கள். எங்களுக்குச் சரிவந்தது இலங்கை நேரம் 7.15. வாப்பா கடையிலிருந்தே பேசுவார், நடுவில் வாடிக்கையாளர்களுக்கு மிச்சக் காசும் கொடுத்துக்கொண்டு.