உங்களுக்குத் தெரியுமா? ஐரோப்பாவின் அருவிகள்

இத்தாலியின் மார்மோரே அருவிக்கு நேர அட்டவணை உண்டு. ரோமிலிருந்து வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், தெர்னி நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது இது. நேரம் தெரியாமல் போனால் பாசி படிந்த பாறையில் மெல்லிய நீர்க்கசிவு மட்டும்தான் கண்ணில் படும். நேரம் தெரிந்து போனவர்கள் கீழே காத்து நிற்பார்கள். சைரன் ஊதும். மேலே மதகு திறக்கும். கொஞ்ச நேரத்தில் பாறை மறைந்து வெள்ளையாகக் கொட்டத் தொடங்கும். எதிரே நிற்பவர்களின் மழைக்கோட்டில் சாரல் அடிக்கும். மொத்த உயரம் 165 மீட்டர், மூன்று அடுக்கு. மற்ற நேரங்களில் அந்த நீர் மின்சாரம் எடுக்கப் போய்விடுகிறது.

அதைவிட வியப்பு, இது இயற்கையான அருவியே அல்ல. ரியேத்தி சமவெளியில் வெலினோ ஆறு வடிய வழியில்லாமல் தேங்கிச் சதுப்பாகிக் கிடந்தது. கி.மு. 271இல் ரோமானியத் தளபதி மானியுஸ் கூரியுஸ் தெந்தாதுஸ் மலை விளிம்புவரை ஒரு கால்வாய் வெட்டி, ஆற்றை அங்கிருந்து கீழே ஓடும் நேரா ஆற்றில் தள்ளிவிட்டார். மனிதர் உண்டாக்கிய அருவிகளில் உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

பிறந்த கையோடு தகராறும் பிறந்தது. மேலே ரியேத்திக்காரர்களுக்கு விளைநிலம் கிடைத்தது. கீழே தெர்னிக்காரர்களுக்கு வெள்ளம் கிடைத்தது. கி.மு. 54இல் வழக்கு ரோமுக்குப் போனது. ரியேத்தி பக்கம் வாதாடியவர் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் சிசெரோ. தண்ணீரைத் திறப்பதா, அடைப்பதா என்று மேட்டூர்க்காரரும் பள்ளத்தூர்க்காரரும் மோதிக்கொள்வது எந்த நாட்டுக்கும் புதிதில்லை போலும்.

*

ஸ்வீடனின் ட்ரோல்ஹேட்டன் நகரிலும் அருவிக்கு நேர அட்டவணைதான். கோத்தா ஆற்றின் நீர் ஆண்டு முழுவதும் மின்நிலையத்துக்குப் போகிறது. கோடையில் குறித்த நேரங்களில் மட்டும் மதகைத் திறக்கிறார்கள். விநாடிக்கு 3 லட்சம் லிட்டர் பழைய பாறைத்தடத்தில் சீறி வருவதைப் பார்க்கப் பாலத்தில் கூட்டம் நிற்கும். சில நிமிடங்கள்தான். பிறகு பாறைகள் மறுபடி தலைகாட்டும்.

பின்லாந்தின் இமாத்ரா பாய்ச்சலை ரஷ்யப் பேரரசி கேத்தரின் 1772இல் நேரில் வந்து பார்த்தார். 20ஆம் நூற்றாண்டில் அதற்கும் அணை வந்தது. இப்போது கோடையில் இசையோடு திறந்துவிடுகிறார்கள்.

*

திறந்துவிட யாருடைய தயவும் தேவைப்படாத அருவி ஐஸ்லாந்தின் குல்ஃபோஸ். அப்படி அது தப்பியதற்கு ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணின் பிடிவாதம் முக்கியக் காரணம். ஹ்வீத்தா ஆறு இங்கே இரண்டு படிகளில் 32 மீட்டர் இறங்கி, ஒரு குறுகிய பிளவுக்குள் காணாமல் போகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மின்நிலையம் அமைக்க வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வந்தார்கள். அருவி குத்தகைக்கும் போய்விட்டது. பக்கத்துப் பிராத்ஹோல்த் பண்ணையைச் சேர்ந்த சிக்ரிதூர் தோமாஸ்தோத்திர் அதை ஏற்கவில்லை. சேமிப்பைச் செலவழித்து வழக்குப் போட்டார். தலைநகர் ரெய்க்யவிக்குக்கு 100 கி.மீ.க்கும் மேல், சாலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத காலம். அந்தத் தொலைவை அவர் நடந்தே போய் வந்தார். வேலை தொடங்கினால் அருவியில் விழுந்து உயிரை விடுவேன் என்றும் எச்சரித்தார் என்பார்கள்.

வழக்கில் அவர் வெல்லவில்லை. ஆனால் குத்தகைப் பணம் கட்டப்படாமல் போக, 1929இல் ஒப்பந்தம் முறிந்தது. பிறகு அரசின் கைக்கு வந்த அருவி, 1979இல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியானது. சிக்ரிதூருக்கு உதவிய வழக்கறிஞர் ஸ்வேய்ன் பியோர்ன்சன், 1944இல் ஐஸ்லாந்துக் குடியரசின் முதல் அதிபரானார். அருவிக்கு மேலே சிக்ரிதூரின் முகம் செதுக்கிய நினைவுக்கல் இருக்கிறது. குல்ஃபோஸ் போகிறவர்கள் அதன் முன் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். அவர் நடந்திராவிட்டால் இன்று பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

*

அதற்காக மின்சாரத்தை எதிரியாக்க வேண்டியதில்லை. குரோவேஷியாவின் கிர்கா ஆற்றில், ஸ்கிராதின்ஸ்கி புக் அருவிக்குப் பக்கத்தில் 1895 ஆகஸ்ட் 28 அன்று ஒரு சிறு நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவின் நயாகரா மின்நிலையத்துக்கு இரண்டே நாள் பிந்தியது. ஷிபெனிக் நகரத் தெருவிளக்குகள் அந்த மின்சாரத்தில்தான் எரிந்தன. அருவியும் கெடவில்லை, நகருக்கும் வெளிச்சம் வந்தது.

*

உயரத்தில் ரைன் அருவி ஒன்றும் பெரிதல்ல. வெறும் 23 மீட்டர். அகலம் 150 மீட்டர். ஆனால் கோடையில் விநாடிக்குச் சராசரியாக 600 கன மீட்டர் நீர் இறங்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் அருகே படகில் போய், அருவியின் நடுவே நிற்கும் பாறையில் படியேறி, இரு பக்கமும் நீர் கொட்டுவதைப் பார்க்கலாம். இந்த அருவியைத் தாண்டி மேலே போக மீன்களால் முடியாது. விலாங்கு மட்டும் ஓரப் பாறைகளில் நெளிந்து நெளிந்து ஏறிவிடுகிறது.

லாட்வியாவின் குல்டீகாவில் மீன்களே தாவிக் கடக்கின்றன. வென்டா ஆற்றின் அந்த அருவி சுமார் 240 மீட்டர் அகலம். உயரமோ ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். ஐரோப்பாவின் மிக அகலமான அருவி என்று இதைச் சொல்கிறார்கள். வசந்த காலத்தில் மீன்கள் எம்பிக் குதிப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். அந்தக் காலத்தில் அருவி ஓரத்தில் கூடைகளைக் கட்டிவைத்து, தாவும் மீனைக் காற்றிலேயே பிடித்தார்கள். குல்டீகாவின் பழைய நகரம் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

*

மலைக்கு வெளியே விழுவதுதான் அருவி என்று யார் சொன்னது? சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் உள்ள ட்ரூம்மல்பாக், மலையின் வயிற்றுக்குள் விழுகிறது. ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று சிகரங்களின் பனியாறுகள் உருகும் நீர், விநாடிக்கு 20,000 லிட்டர் வரை, பத்து அருவிகளாகப் பாறைக்குள்ளேயே இறங்குகிறது. குகை லிஃப்டில் மேலே போய், ஈரப் படிகளில் நடக்க வேண்டும். திருகிக் குடைந்த பாறைச்சுவர் விளக்கொளியில் பளபளக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கம்பியைப் பிடித்தால் அதிர்வு கையில் தெரியும். நீரோடு வரும் கல்லும் மணலும்தான் இந்த மலையைக் குடைந்த உளி. ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேல் இந்த வழியாக அடித்து வருகிறது. ஐரோப்பாவில் ஒரே ஓர் அருவியைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதே நாட்டின் மைரிங்கன் ஊரில்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் ‘இறந்தார்’. எதிரியோடு சண்டையிட்டு ரைகன்பாக் அருவியில் விழுந்ததாக 1893இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய கதை வெளிவந்ததும் வாசகர்கள் கொதித்துப்போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1903இல், ஹோம்ஸை அவர் உயிரோடு திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. அந்தச் சண்டை நடந்ததாகச் சொல்லப்படும் பாறை விளிம்பில் ஒரு வெள்ளை நட்சத்திரம் குறித்திருக்கிறார்கள்.

*

அருவிகள் வளரும். குரோவேஷியாவின் பிளித்விட்சேயில் 16 ஏரிகள் ஒன்றுக்குள் ஒன்று வழிகின்றன. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசியின் மீதும் கிளைகளின் மீதும் படிந்து கல்லாகிறது. அந்தக் கல்தான் ஏரிகளின் கரை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரு காலடி பட்டாலும் உடைந்துவிடும் என்பதால்தான் மரப்பாதையை விட்டு இறங்க விடுவதில்லை. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த இடம், போரின் காரணமாக 1992 முதல் 1997 வரை ஆபத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலில் இருந்தது.

அருவிகள் சாகவும் செய்யும். பச்சைப்பாசிக் குடையின் மேல் நூல் நூலாக நீர் வழியும் ருமேனியாவின் பிகார் அருவிப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். இனி படம்தான். அந்தக் குடையும் சுண்ணாம்புப் படிவுதான்; வளர்ந்து வளர்ந்து கனம் தாங்காமல் 2021 ஜூனில் இடிந்து விழுந்தது.

*

ஆஸ்திரியாவின் கிரிம்ல் அருவி மூன்று அடுக்காக 380 மீட்டர் விழுகிறது. அதன் நுண்ணிய சாரலைச் சுவாசிப்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நல்லதா என்று சால்ஸ்பர்க் மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல பலன் கண்டதாகவும் சொல்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டுப் போகும் யோசனை மட்டும் வேண்டாம்.

*

பூமியின் மிக உயரமான அருவியை யாரும் பார்க்க முடியாது. அது ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே கடலுக்கு அடியில் இருக்கிறது. வடகடல்களின் குளிர்ந்த கனமான நீர், வெதுவெதுப்பான நீருக்குக் கீழே சரிந்து சுமார் 3,500 மீட்டர் இறங்குகிறது. தரையில் மிக உயரமான வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர்தான்.

*

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆல்ப்ஸ் அருவிகளுக்கு மே கடைசி முதல் ஜூலை வரை நல்ல சீசன். பனி உருகி நீர் நிறைந்திருக்கும். ட்ரூம்மல்பாக் குளிர்காலத்தில் மூடியிருக்கும். மார்மோரேயில் மதகு திறக்கும் நேரத்தைப் பார்த்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். குற்றாலத்தை நினைத்துக்கொண்டு துண்டோடு போக வேண்டாம்: பிளித்விட்சேயில் குளிக்கத் தடை, கிர்காவின் ஸ்கிராதின்ஸ்கி புக் அருவியில் 2021 முதல் தடை.