அடுத்த வீட்டுக் கிணறு

எல்லாரும் எல்லாவற்றையும் இழந்து நின்ற நாளில் நமக்குள் பொறாமை இருக்கவில்லை. ஒரு பானையில் சமைத்து உண்டோம். உதவிப் பட்டியல் வந்தபோதுதான் அதுவும் கூடவே வந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை உள்ளிட்ட கிழக்குக் கரையோரத்தில் இது நடந்தது. முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதி சேதமான வீட்டுக்கு 100,000 ரூபா என்று அரசு வகுத்தது. தொண்டு நிறுவனங்கள் கட்டிய வீடுகளோ ஒன்றைப்போல் ஒன்று இருக்கவில்லை. 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள், "எங்கள் துன்பம் இவர்கள் கண்ணில் படவில்லையா?" என்று மனம் நொந்தார்கள்.

பொறாமையும் நியாயமும்

அந்தக் கேள்வி பொறாமை அல்ல. பட்டியலில் விடுபட்டவர் தன் பங்கைக் கேட்பது நியாயம். "எனக்கும் வேண்டும்" என்பது நியாயக் குரல். "அவனுக்கு இல்லாமல் போக வேண்டும்" என்பதே பொறாமை. முதலாவதைச் சபையில் எழுந்து சொல்லலாம். இரண்டாவது மொட்டைக் கடிதமாகத்தான் போகும்.

ஈசாக்கின் கிணறுகள்

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஈசாக்கும் நம்மைப்போல் இடம்பெயர்ந்த கமக்காரர். பஞ்சத்தால் கேராருக்குப் போய் விதைத்தார். நூறு மடங்கு விளைந்தது. பொறாமை கொண்ட பெலிஸ்தர் அவருடைய கிணறுகளை மண் போட்டுத் தூர்த்தார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடவில்லை. பொறாமை கிணற்றைப் பறிப்பதுமில்லை, பயன்படுத்துவதுமில்லை, மூடிவிடும், அவ்வளவுதான்.

ஈசாக்கு பழிக்குப் பழி தூர்க்கவில்லை. வேறு இடத்தில் தோண்டினார். இரண்டு கிணறுகளுக்குச் சண்டை வந்தது, மூன்றாவதுக்கு வரவில்லை. பின்பு அபிமெலேக்கு ராசாவே சமாதானம் தேடி வந்தபோது விருந்து வைத்து அனுப்பினார்.

நமது மணற்கரையும் இதையே சொல்கிறது. இங்கே நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளை மோட்டார் போட்டு அளவுக்குமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும் என்று எச்சரிக்கப்பட்டது. வேலிகள் நிலத்துக்கு மேலேதான். தண்ணீர் கீழே ஒன்றாகவே கிடக்கிறது. அயலவர் கிணறு கெட்டால் நமது கிணறும் தப்பாது.

செய்யக்கூடியவை

1. உதவிப் பட்டியலைக் கிராமக் கூட்டத்தில் எல்லாரும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள். மறைவில்தான் சந்தேகம் முளைக்கிறது.

2. விடுபட்ட குடும்பத்துக்காக, பெற்ற குடும்பமே முதலில் பேசட்டும். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சரி.

3. நீர்ப்பம்பி, தெளிகருவி போன்றவற்றை முறைவைத்துப் பாவியுங்கள்.

4. யாரைக் கண்டால் மனம் எரிகிறதோ அவர் பெயரைச் சொல்லித் தினமும் செபியுங்கள். ஒருவருடைய நன்மைக்காகச் செபித்துக்கொண்டே அவருடைய கேட்டை நெடுநாள் விரும்ப முடியாது.

குழுவில் கலந்துரையாட: நம் ஊரில் இன்று தூர்ந்து கிடக்கும் கிணறு எது? அதை மீண்டும் தோண்ட யார் முதலில் மண்வெட்டி எடுப்பது?